சுவரில் மருந்தடித்தால் டெங்கு போகுமா?

9-9-2023
பள்ளிகொண்டா பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது:

"அக்கா, எங்கள் தெருவில் மூன்று வீட்டில் டெங்கு. புகை அடித்துவிட்டுப் போனார்கள், கொசு அப்படியேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் வீடு வீடாகச் சுவரில் டிடிடி என்கிற பூச்சிமருந்து அடித்துத்தான் மலேரியாவை விரட்டினார்கள், அதை ஏன் நிறுத்தினார்கள் என்று தாத்தா கேட்கிறார். அக்டோபர் 2 கிராம சபையில் அதையே கேட்டு மனு கொடுக்கலாம் என்று இருக்கிறோம். சரியா?"

9-9-2023, இரவு
மனு கொடுங்கள் தம்பி. ஆனால் சுவருக்கு மருந்து கேட்காதீர்கள். உங்கள் தாத்தா சொன்னது உண்மைதான், ஆனால் அது வேறு கொசு.

என் அப்பா அந்த வேலை செய்தவர். எங்கள் ஊர் குடியாத்தத்துக்கு வெளியே. வீட்டில் குழித்தறி, லுங்கி நெசவு. 1978 வாக்கில் தொடங்கி ஏழெட்டு வருஷம், சீசனுக்குச் சீசன் மலேரியா மருந்தடிக்கப் போனார். ஊரில் அவரை 'மலேரியாக்காரர்' என்றே கூப்பிடுவார்கள். நான் இப்போது எங்கள் பஞ்சாயத்தில் கொசுப்புழு ஒழிப்பு வேலை பார்க்கிறேன். அப்பா சுவர் சுவராகப் போனார், நான் ட்ரம் ட்ரம்மாகப் போகிறேன். ஏன் இப்படி மாறியது என்பதை நாளைக்கு எழுதுகிறேன், இன்று கால் வலி.

10-9-2023
கிராமத்து மலேரியாக் கொசு ராத்திரியில் கடிக்கும். வயிறு நிறைய ரத்தம் குடித்தபின் அதனால் தூரம் பறக்க முடியாது. பக்கத்தில் இருக்கிற சுவரிலோ எரவாணத்திலோ மாட்டுக் கொட்டகையிலோ உட்கார்ந்துவிடும். குடித்த ரத்தம் செரித்து முட்டை உருவாக இரண்டு மூன்று நாள். முட்டை போட்டுவிட்டு மறுபடியும் கடிக்க வரும், மறுபடியும் சுவர்.

இன்னொன்று. நோயாளியைக் கடித்த அன்றே அந்தக் கொசுவால் நோயைப் பரப்ப முடியாது. மலேரியாக் கிருமி அதன் உடம்புக்குள் வளர்ந்து எச்சிலுக்கு வர ஏறக்குறைய பத்துப் பதினான்கு நாள் ஆகும். அதற்குள் அந்தக் கொசு நாலைந்து தடவையாவது சுவரில் உட்கார்ந்திருக்கும். அதில் ஒரு தடவை மருந்து பட்டால் போதும். கடிக்க வரும் கொசுவைத் தடுப்பது அந்த மருந்தின் வேலை இல்லை. கடித்த கொசுவை, அது ஆபத்தாக மாறும் முன்பு சாகடிக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கணக்கு முதன்முதலில் புரிந்தபோது எனக்கு நாற்பது வயதுக்கு மேல். அப்பா அதற்குள் இறந்துவிட்டார். அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை யாரும் அவருக்கு இப்படி விளக்கியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு பெரிய வேலை அது தெரியுமா? 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்குவதற்கு முன்பு, நாட்டில் வருஷத்துக்கு ஏழரைக் கோடி பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்று கணக்கு. 1965இல் அது ஒரு லட்சம் பேர் என்ற அளவுக்கு இறங்கியது. பெரும்பாலும் சுவரில் நின்ற மருந்தால் வந்த பலன். அப்புறம் மறுபடி ஏறி, 1976இல் 64 லட்சத்தைத் தாண்டியது. அப்பா வேலைக்குப் போனது அந்த இரண்டாவது அலைக்குத்தான்.

டெங்குக் கொசு இப்படியில்லை. பகலில் கடிக்கும். காலையில் வெயில் ஏறும் முன்பும், சாயங்காலம் இருட்டும் முன்பும் அதிகம். வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் வெளிச்சமான பெரிய சுவரில் உட்காராது. கொடியில் தொங்கும் துணி, கட்டிலுக்கு அடி, பீரோவுக்குப் பின்னால், இருட்டு எங்கேயோ அங்கே. அதனால் சுவரில் அடித்து ஒரு பிரயோசனமும் இல்லை.

11-9-2023
தாத்தா சொன்ன முறையைப் பற்றியே இன்னும் கொஞ்சம். நேற்று எழுதியபிறகு தூக்கம் வரவில்லை, அப்பா பம்ப் அடித்த சத்தம் காதில் இருந்தது.

ஸ்டிரப் பம்ப் என்பார்கள். வாளிக்குள் நிற்கும், ஒருவர் மிதிப்பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு கையால் பம்ப் அடிப்பார், இன்னொருவர் நீளக் குழாயைப் பிடித்துச் சுவரில் அடிப்பார். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ டிடிடி தூள், 50 சதவீத வீரியம் உள்ளது. சதுர மீட்டருக்கு ஒரு கிராம் மருந்து சுவரில் நிற்க வேண்டும். அதற்குக் குழாய் முனையைச் சுவரிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். அப்பா அதை 'ஒரு முழம்' என்பார். கிட்டே போனால் மருந்து வழிந்து தரைக்குப் போகும், தள்ளிப் போனால் காற்றில் போகும். மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக, ஒரு பட்டையின் ஓரத்தில் அடுத்தது கொஞ்சம் ஏற வேண்டும். தறியில் பாவு ஓட்டுகிற ஆள் என்பதால் அப்பாவுக்கு அந்த நேர்த்தி இயல்பாக வந்தது. அடித்து முடித்துக் கதவுப் பக்கத்தில் தேதி எழுதிவிட்டு வருவார்.

காய்ந்தபின் சுவரில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். டிடிடி என்றால் பத்துப் பன்னிரண்டு வாரம் வேலை செய்யும். அதுவரை சுவரைத் தொடக்கூடாது. இங்கேதான் எங்கள் வீட்டிலேயே சண்டை. அம்மாவுக்கு அந்த வெள்ளைப் பூச்சு பிடிக்காது. வெள்ளிக்கிழமை வந்தால் சாணம் மெழுகுவார். தரையோடு நிற்காது, கையோடு சுவரிலும் ஒரு முழ உயரத்துக்குப் போய்விடும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு கட்டாயம். சுண்ணாம்பு ஏறிய சுவரில் மருந்து அடியில் போய்விடுகிறது, கொசு உட்காருவது சுண்ணாம்பின் மேல். அப்பா கத்துவார், அம்மா "பண்டிகைக்கு அழுக்குச் சுவரா?" என்பார். இரண்டு பேர் மேலும் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மருந்தின் ஆயுள் எவ்வளவு என்று அம்மாவிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால் பொங்கலுக்கு ஏற்ற மாதிரி கணக்குப் போட்டிருப்பார். அவ்வளவு கெட்டிக்காரி.

மண் சுவரும் ஒரு சிக்கல். அது மருந்தைக் குடித்துவிடும்.

11-9-2023, மதியம்
விட்டுப்போனது: அடிக்கும் முன்பு பானை, கூடை, நெல் மூட்டை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். தறியில் பாவு இருந்தால் அன்று வேலை போச்சு. பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் உள்ளேயே விடமாட்டார்கள், புழு செத்துப்போகும். அது நியாயமான பயம்.

மூட்டைப்பூச்சி இன்னொரு காரணம். முதல் சில வருஷம் டிடிடி அடித்தால் மூட்டைப்பூச்சியும் சாகுமாம், அதற்காகவே கூப்பிட்டு அடிக்கச் சொல்வார்களாம். பிறகு அதுகளுக்கு மருந்து பழகிவிட்டது. சாகாமல் எரிச்சலில் விரிசலை விட்டு வெளியே வந்து கடித்தன. "மருந்தடிச்சா பூச்சி ஜாஸ்தியாவுது" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். கொசுவுக்கும் அதேபோல மருந்து பழகியது, அது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

14-9-2023
மேலே எழுதியதைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவரும் அப்பாவோடு அதே கேங்கில் இருந்தவர். மருந்தடித்த நாளில் வீட்டில் சாப்பிட முடியாத நாற்றம் என்று அவரிடம் சொன்னேன், டிடிடி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். "அது டிடிடி இல்ல பாப்பா, மாலத்தியான்" என்றார். டிடிடி அவ்வளவு நாறாதாம். மாலத்தியான் அடித்தால் இரண்டு நாள் வீட்டுக்குள் சோறு இறங்காதாம். அதுவும் வருஷத்துக்கு மூன்று தடவை அடிக்க வேண்டும், டிடிடி என்றால் இரண்டு. நாற்றத்துக்குப் பயந்து ஜனங்கள் முன் அறையோடு நிறுத்தச் சொல்வார்களாம். கொசு இருப்பது உள் அறையில்.

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், மறைக்க வேண்டியதில்லை. சாயங்காலம் பம்ப்பை ஏரியில் கழுவுவார்களாம். ஒரு நாள் மறுநாள் காலையில் மீன் மிதந்தது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை, ஆனால் அப்பா அதற்கப்புறம் தரிசில் குழி தோண்டித்தான் கழுவினாராம். எனக்கு இது புதுச் செய்தி. கையுறை, முகமூடி எதுவும் கிடையாது, தலைத்துண்டுதான் மூக்கில் கட்டிக்கொள்வது. அந்தத் துண்டை அம்மா மற்ற துணியோடு சேர்த்துத் துவைத்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது.

விவசாயத்துக்கு டிடிடி 1989இல் தடையானது. கொசு மாதிரி நோய் பரப்பும் பூச்சிகளுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தத் தடை சரி என்றே நினைக்கிறேன், மண்ணிலும் தண்ணீரிலும் பல வருஷம் கிடக்கிற சரக்கு அது. சுவரில் நிற்பதால் எது நல்லதோ, வயலில் நிற்பதால் அதுவே கெடுதல்.

15-9-2023
தம்பி, புகை அடித்தும் பலன் இல்லை என்று கேட்டிருந்தீர்கள், அதை மறந்துவிட்டேன். புகை என்பது அந்த நேரத்தில் பறக்கிற கொசுவுக்கு மட்டும். அரை மணி கழித்துப் புதிதாகப் பிறக்கிற கொசுவை அது ஒன்றும் செய்யாது. வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் கதவு ஜன்னலைச் சாத்துகிறோம், டெங்குக் கொசு உள்ளே கட்டிலுக்கடியில். அடுப்பை அணைத்து, சோறு தண்ணீரை மூடி வைத்து, குழந்தைகளை வெளியே கூட்டிப்போய், கதவைத் திறந்து விட வேண்டும். புகை அடங்கி அரை மணி கழித்து உள்ளே போகலாம்.

21-9-2023
இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

நான் ஆறாவது படிக்கும்போது எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். நாலு நாள் காய்ச்சல், அப்புறம் வலிப்பு. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், திரும்பி வரவில்லை. அந்த வீட்டுக்கு அப்பா ஒரு மாதம் முன்புதான் மருந்தடித்திருந்தார். கதவில் தேதி இருந்தது. அவன் அம்மா எங்கள் வாசலுக்கு வந்து, "அண்ணே, மருந்தடிச்சீங்களே, அப்புறம் எப்படி?" என்று கேட்டார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. அப்பா பதில் பேசவில்லை. அந்த சீசன் முழுக்க அவர் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவார்.

அதற்கான பதில் என்னிடம் இப்போது இருக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதே நம் வட ஆற்காட்டில்தான், 1955இல், வேலூரில். அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு நெல் வயலில் தேங்கும் தண்ணீரில் வளர்கிறது. கிருமி கொக்கு, நாரை, பன்றி இவற்றில் பெருகுகிறது. மனிதனிடம் வந்தால் அங்கேயே முடிந்துவிடும், நம்மைக் கடித்து இன்னொருவருக்குப் போகாது. அந்தக் கொசு இருட்டும் நேரத்தில் வெளியே, மாட்டையும் பன்றியையும்தான் அதிகம் கடிக்கும். கடித்துவிட்டு வெளியேயே செடியில், புல்லில் உட்கார்ந்துகொள்ளும். சுவருக்கு வராது. அப்பா எவ்வளவு நேர்த்தியாக அடித்திருந்தாலும் அந்தப் பையனை அந்த மருந்து காப்பாற்றியிருக்காது.

அதற்கு வேண்டியது தடுப்பூசி. வயலில் தண்ணீரை எந்நேரமும் தேக்காமல் விட்டு விட்டுப் பாய்ச்சுவது. பன்றி வீட்டுக்குப் பக்கத்தில் இல்லாமல் இருப்பது. பொழுது சாயும் நேரத்தில் குழந்தைகள் முழுக்கைச் சட்டை போடுவது. இந்தப் பதிலை அந்த அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்ல முடியவில்லையே என்பது எனக்குத் தீராத வருத்தம்.

22-9-2023
உண்ணிக் காய்ச்சலுக்குச் சுவரில் மருந்தடித்தால் போகுமா என்று அணைக்கட்டு பக்கத்திலிருந்து ஒருவர் கேட்கிறார். போகாது. ஸ்க்ரப் டைபஸ் என்கிற இந்தக் காய்ச்சலைப் பரப்புவது புதர், புல்மேடு இவற்றில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பூச்சியின் குஞ்சு. மழை தொடங்கி குளிர் காலம் வரை வேலூர் பக்கம் நிறைய வருகிறது. விறகு பொறுக்கப் போய் வந்தால், ஆடு மேய்த்துவிட்டு வந்தால், குளித்துத் துணி மாற்றுங்கள். காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு மடிப்பு, தொடைச் சந்து இங்கெல்லாம் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து டாக்டரிடம் காட்டுங்கள். அது வலிக்காது, அதனால் கண்ணில் படாமல் போகும். டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் கேட்கிற நோய் இது, தாமதித்தால்தான் ஆபத்து.

27-9-2023
10ஆம் தேதி நான் எழுதிய கடைசி வரி தப்பு. "சுவரில் அடித்து ஒரு பிரயோசனமும் இல்லை" என்று முடித்துவிட்டேன். அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கக் கூடாது.

முழுச் சுவருக்கும் அடித்தால்தான் பிரயோசனம் இல்லை. டெங்குக் கொசு உட்காரும் இடமாகப் பார்த்து அடித்தால் கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் கெய்ன்ஸ் என்ற ஊரில் அப்படிச் செய்தார்கள். கட்டிலுக்கடி, மேஜைக்கடி, அலமாரிக்குப் பின்னால், சுவரின் கீழ்ப்பகுதி இப்படி இருட்டான இடங்களில் மட்டும் மருந்து. அங்கே டெங்கு குறைந்தது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் நேரம் எடுக்கும், பழகின ஆள் வேண்டும். நம் பஞ்சாயத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று ஓட்டுகிற ஓட்டத்தில் நடக்காது.

இதை யோசித்ததும் தறிக்குழி ஞாபகம் வந்தது. நெசவு செய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதி மிதிக்கிற குழி. இருட்டு, சில்லென்று இருக்கும், பகல் முழுக்க இரண்டு கால் அங்கேயே கிடைக்கும். அம்மாவின் கணுக்காலில் எப்போதும் தடிப்பு இருந்தது. அப்பா வீட்டின் எல்லாச் சுவரையும் அடிப்பார், குழிக்குள் குழாயை விட்டதே இல்லை. பாவில் மருந்து படும் என்று. மலேரியாக் கொசுவுக்கு அது சரி. இன்றைக்கு நான் தறி வீட்டுக்குப் போனால் முதலில் டார்ச்சைக் குழிக்குள்தான் அடிக்கிறேன். கொசு கிளம்பும். என்னால் செய்ய முடிவது, வெள்ளிக்கிழமை தறி நிற்கிற நேரத்தில் குழியைக் கூட்டச் சொல்வது, குழியில் உட்காரும்போது காலுக்கு வேப்பெண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலந்து தடவச் சொல்வது. அது போதாது என்று எனக்கே தெரிகிறது. தறி ஓட்டுகிறவர்கள் யாராவது வேறு ஏதாவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.

28-9-2023
சரி, மனுவுக்கு வருவோம். தம்பி, இப்படிக் கேளுங்கள்.

குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? அதுதான் முதல் கேள்வி. பாலாற்றை நம்பியிருக்கிற ஊர்களில் தண்ணீர் நாலு நாள், வாரம் என்று இழுக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு வீட்டிலும் மூன்று நீல ட்ரம், ஒரு சிமெண்ட் தொட்டி, நாலு குடம். கொசு முட்டையிலிருந்து பறக்கிறவரை ஏழிலிருந்து பத்து நாள். தண்ணீர் பத்து நாள் பிடித்து வைத்தால் நாமே கொசு வளர்க்கிறோம். முறை வைத்துத் தண்ணீர் விடச் சொல்லுங்கள், இன்ன நாள் வரும் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். நாள் தெரிந்தால் ஜனங்கள் ட்ரம்மைக் காலி செய்யத் தயங்க மாட்டார்கள். தெரியாததால்தான் அடித் தண்ணீரைக் கொட்ட மனசு வருவதில்லை.

இரண்டாவது, கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற ஆள் வாரா வாரம் வர வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லிகிராம் என்கிற அளவுதான் கணக்கு, அந்த அளவில் குடிக்கிற தண்ணீரில் சேர்க்கலாம். ட்ரம் கழுவும் முறையையும் வந்தவர்கள் சொல்லித்தர வேண்டும். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. டெங்குக் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ட்ரம்மின் உள்பக்கத்தில் ஒட்டி வைக்கும். காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும். தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் போட்டு உள்பக்கத்தைத் தேய்க்க வேண்டும்.

மூன்றாவது, பொது இடத்து டயர், கட்டி முடிக்காத வீட்டுத் தொட்டி இவற்றுக்குப் பஞ்சாயத்து பொறுப்பெடுக்க வேண்டும். வீட்டில் ஆட்டுக்கல் குழி, கொட்டாங்கச்சி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு இவை உங்கள் பொறுப்பு. ஆட்டுக்கல்லை நான் நூறு தடவை சொல்லிவிட்டேன், மிக்ஸி வந்தபின் அது வாசலில் சும்மா கிடக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. குப்புறக் கவிழ்க்க முடியாது, மணல் போட்டு நிரப்பிவிடுங்கள்.

4-10-2023
தம்பி எழுதியிருக்கிறார். கிராம சபையில் தாத்தாவே எழுந்து பேசினாராம். தண்ணீர் வரும் நாளைப் பலகையில் எழுதிப் போட ஒத்துக்கொண்டார்களாம். முறையை மாற்றுவது பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றார்களாம். ட்ரம் மூடி கேட்டதற்குப் பணம் இல்லை என்று பதில். மூடி இல்லாதவர்கள் பழைய வேட்டியை இரண்டாக மடித்து வாயில் கட்டிக் கயிறு போடுங்கள், இடைவெளி இருக்கக் கூடாது. துணி தொய்ந்து நடுவில் தண்ணீர் நின்றால் அதிலேயே புழு வரும், அதையும் பாருங்கள்.

7-11-2023
மழை பிடித்துக்கொண்டது. தெருக்கோடி வீட்டில், அதே வீடுதான், இப்போது அந்த அம்மாவின் பேத்தி குடும்பம் இருக்கிறது. சின்ன தகரக் கொட்டகை, வெளியே இரண்டு ட்ரம். ஒன்றில் வேட்டி கட்டியிருந்தது, டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இன்னொன்றில் புழு துள்ளியது, கவிழ்த்துத் தேய்த்துவிட்டு வந்தேன். அந்தப் பெண் கூடவே நார் பிடித்துத் தேய்த்தாள். செவ்வாய்க்கிழமை மறுபடி போக வேண்டும்.